அங்கிருந்து எங்கே

மண்டபத்தின் கதவு எங்களுக்குப் பின்னால் சாத்திக்கொண்ட பிறகும் உள்ளே கைதட்டல் ஓயவில்லை. அது வென்றவனுக்கான கைதட்டல். தோற்றவர் எனக்கு முன்னால் நடந்துகொண்டிருந்தார். கம்பளிப் போர்வையைத் தோளில் பெரிய ஊசியால் குத்தி, கைகள் இரண்டையும் உள்ளே ஒடுக்கிக்கொண்டு, சிட்னியின் லிட்கம் ரயில் நிலையத்தை நோக்கிப் போனார். என்னுடைய வண்டி எதிர்ப்பக்கத்துத் தெருவில் நின்றது. அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கொரியன் கடைகளைத் தாண்டி அவர் பின்னாலேயே போனேன்.

பக்கத்தில் யார் நடந்தாலும் அவர் ஏதாவது கேட்டுக்கொண்டு வருவார். எனக்குத் தெரிந்து அவர் ஒன்றுமே கேட்காமல் நடந்தது அந்தப் பிற்பகலில்தான்.

அவர் என்னிடம் முதலில் பேசியது மெல்பேர்னில், ட்ருகனினாவில் நாங்கள் வேலை செய்த கிடங்கின் சாப்பாட்டு அறையில். நான் பெட்டி அடுக்குகிறவன். அவர் பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டுகிறவர். அறுபதைத் தாண்டியவர், அகலமான நெஞ்சு, ஆனால் மூச்சு மட்டும் குறுகியது. இளவயதில் தங்கச் சுரங்கத்தில் கல்தூசி தின்ற நெஞ்சு அது. கிடங்கில் எல்லோரும் அவரை அங்கிள் என்றார்கள். நானும் அப்படித்தான். அவரோ எங்கள் எல்லோரையும், பொடியன்களைக்கூட, 'ந்தாத்தே' என்பார். அவருடைய மொழியில் தகப்பனுக்கும் மரியாதைக்குரிய ஆணுக்கும் அந்த ஒரே சொல்தான்.

எந்த நாடு என்று இங்கே எல்லோரும் கேட்பார்கள். ஸ்ரீலங்கா என்பேன். கிரிக்கெட்டைப் பற்றி ஒன்று சொல்வார்கள், அத்தோடு பேச்சு முடிந்துவிடும். அவரும் நாட்டைத்தான் கேட்டார். பதில் கிடைத்ததும் சாப்பாட்டுப் பெட்டியை மூடி ஒதுக்கி வைத்தார்.

"அங்கயிருந்து எங்க?"

"இந்தியா."

"எதில?"

"வள்ளத்தில."

"எந்த இடத்தில இறக்கினவங்கள்?"

எங்களுக்கிடையில் ஓடியது அரைகுறை ஆங்கிலம். அதை என்னுடைய மன்னார்த் தமிழில் எழுதுகிறேன். அவர் குறை நினைக்கமாட்டார்.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். பேசாலையில் வலை இழுத்தேன். சண்டை துரத்தியதில் மடுவுக்குப் போனோம். பிறகு வள்ளக்காரன் ஒருவன் எங்களை இந்தியக் கரைக்குக் கிட்டக் கடல் நடுவிலிருந்த மணல்திட்டில் இறக்கிவிட்டுத் திரும்பிப் போனான். அங்கிருந்து தனுஷ்கோடி, அங்கிருந்து முகாம், பெயின்ட் அடிக்கிற வேலை, பிறகு இன்னொரு வள்ளம், கிறிஸ்மஸ் தீவு, டார்வின், ஷெப்பர்டன் தோட்டங்கள், மெல்பேர்ன். இதை எத்தனையோ மேசைகளுக்கு முன்னால் சொல்லியிருக்கிறேன். மேசைக்கு அந்தப்பக்கம் இருந்தவர்கள் ஏன் போனாய், ஏன் வந்தாய், ஏன் அங்கேயே இருக்கவில்லை என்று கேட்டார்கள். அது அவர்களுடைய வேலை. இவர் ஏன் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

"அந்த மணல் சூடா, குளிரா?" என்று கேட்டார்.

எனக்கே அது மறந்திருந்தது. கொஞ்சம் யோசித்தபிறகு சொன்னேன். "மேல சூடு. காலைப் புதைச்சால் குளிர்."

அவர் கண்ணை மூடி, நல்ல இறைச்சித் துண்டு கிடைத்தவர் மாதிரித் தலையாட்டினார்.

எல்லோரிடமும் அப்படித்தான். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற பஞ்சாபிப் பையன் குடும்பப் பேச்சை எடுத்தாலே ஓடிவிடுவான். அவனிடம் ஒரு இத்தாலி ரயிலின் இருக்கை எப்படியிருந்தது என்பதுவரை கேட்டு வைத்திருந்தார். நான் வெரிபீயில் ஒரு யாழ்ப்பாணத்து அன்ரியின் கராஜில் வாடகைக்கு இருந்தேன். அன்ரி தன் கதை எதையும் வாய்திறக்காத மனுசி. ஒரு சனிக்கிழமை நான் கடைக்குப் போய்வந்து பார்த்தால், அவர் குசினியில் கதிரை போட்டு உட்கார்ந்திருக்கிறார், அன்ரி அடுப்பை அணைத்துவிட்டுக் கதைத்துக்கொண்டிருக்கிறா. அவர் போனபிறகு என்னைப் பிடித்தா.

"தம்பி, ஆரடா இந்த மனுசன்? சிஐடி மாதிரி. நான் என்ன நடந்தே வந்தனான்? பிளேனில வந்தனான் எண்டு சொல்லிப் பாத்தன். பிளேனுக்கு எதில போனனீங்கள் எண்டு கேக்கிறார். பஸ்ஸில எண்டன். பஸ்ஸுக்கு? கடைசியில கடலேரியைத் தோணியில கடந்ததில கொண்டுவந்து நிப்பாட்டிப்போட்டார். நான் அதை என்ர பிள்ளையளுக்கே சொன்னதில்லை."

"கோவமோ அன்ரி?"

"கோவமென்ன. கறி அடிப்பிடிச்சுப்போச்சு, அவ்வளவுதான்." கொஞ்ச நேரம் சட்டியைச் சுரண்டினா. "திரும்ப வந்தால் இருக்கச் சொல்லு. தோணிக்காரன்ர பேர் இப்பதான் ஞாபகம் வருது."

இந்தக் கேள்விகளெல்லாம் வெறும் வாய்ச்சுகத்துக்கு என்றுதான் நான் நெடுநாள் நினைத்திருந்தேன். அவருடைய மகள்தான் விஷயத்தைச் சொன்னாள். தாய் இறந்தபிறகு தகப்பனை இங்கே கூப்பிட்டுக்கொண்டவள். வெரிபீயில் நர்ஸ் வேலை, வீட்டில் ஒரு அலுமாரி நிறையப் புத்தகம்.

அவர்களுடைய நாடு லெசோத்தோ. மலைநாடு. கடல் கிடையாது. எந்தப் பக்கம் போனாலும் தென்னாப்பிரிக்காதான், நான்கு பக்கமும் அந்த ஒரே நாடு சூழ்ந்து நிற்கிறது.

"நாடு சின்னன்," என்றாள். "ஆனா எங்கட மொழியில புத்தகம் நேரத்தோடயே வந்திட்டுது. பாதிரிமார் மலையில அச்சகம் போட்டவை. பள்ளிக்கூடத்தில நாங்கள் நாவல் படிச்சனாங்கள். பழைய தலைவர்மாரைப் பாடின புகழ்ப்பாட்டும் பாடப்புத்தகத்தில இருந்தது. அப்பாவின்ர பாட்டு மட்டும் இல்லை. அது சுரங்கத்துக்கு நடந்துபோற ஆக்களின்ர பாட்டு."

அந்தப் பாட்டுக்கு செஃபேலா என்று பெயர். மலையிலிருந்து இறங்கி, எல்லை ஆற்றைக் கடந்து, ரயிலேறி, தங்கச் சுரங்கத்துக்குப் போன ஆண்கள் கட்டியது. ஒருவன் தான் நடந்த வழியைப் பாடுவான். என்ன ஆறு, என்ன ரயில், யார் சோறு கொடுத்தது, எந்த மேஸ்திரி ஏசினான் எல்லாம் அதில் வரும். அவன் நிறுத்தியதும் எதிரில் இருப்பவன் தன் வழியைப் பாடி அவனை மடக்க வேண்டும். வென்றவனுக்கு அவர்கள் மொழியில் ஒரு பட்டம் உண்டு. தமிழில் நாவலர் என்று சொல்லலாம். உவமையை யாரிடமும் இரவல் வாங்கலாம், மின்னலைப் பற்றியும் மாட்டைப் பற்றியும் மற்றவன் சொன்ன வரியைத் திருப்பிப் போடலாம். வழியை மட்டும் இரவல் வாங்கக் கூடாது. உன் கால் மிதித்ததை மட்டுமே உன் வாய் பாடலாம்.

அவர் சுரங்கத்து விடுதியில் நாவலர். மெல்பேர்னில் அவருக்கு எதிர்ப்பாட்டுக்காரன் கிடையாது. எழுதிவையுங்கள் என்று மகள் கொப்பி வாங்கிக் கொடுத்தாளாம். "காயிதம் திருப்பிப் பாடாது" என்று சொல்லி அதில் கடைச்சாமான் எழுதினாராம்.

ஆள் இல்லாத குறைக்கு என்னைப் பிடித்தார். இடைவேளையில் கிடங்கின் பின்பக்கம், லொறிகள் பின்னுக்கு வந்து நிற்கிற இடத்தில், அவர் பாடுவார். குரலைத் தூக்காமல், மூச்சை மிச்சம்பிடித்து, பேசுவதற்கும் பாடுவதற்கும் இடையில் ஒரு ஓட்டம். பிறகு என்னைப் பார்த்துத் தாடையை ஆட்டுவார். நான் எனக்குத் தெரிந்தபடி பேசாலை, மடு, தனுஷ்கோடி என்று தமிழில் ஒப்புவிப்பேன்.

"ந்தாத்தே, உமக்கு இருக்கிற வழிக்கு நான் என்ர கண்ணில ஒண்டைத் தருவன்," என்பார். "நீர் அதை பஸ் கொண்டக்டர் மாதிரிக் கூவுறீர்."

கனடாவில் இருக்கிற என் அக்கா என்னை ஓடுகாலி என்பாள். அவள் சொல்வதிலும் பிழையில்லை. ஒரு வேலையில், ஒரு ஊரில் நான் நிலைத்ததில்லை. பணம் அனுப்புகிற மாதம் சேர்ந்தாற்போல் இரண்டு வந்தது அபூர்வம். என்னுடைய அலைச்சலைச் சொத்து மாதிரிப் பார்த்த முதல் மனிதர் அவர். தங்கள் மொழியில் வழிநடைக்காரர்களுக்கு நாடளந்தவர்கள் என்று ஒரு பெயர் உண்டென்று சொல்லி, என்னை அந்தப் பெயரால் கூப்பிட்டுப் பார்த்தார். அன்று முழுக்க நான் பெட்டிகளைக் கொஞ்சம் கவனமாக அடுக்கினேன்.

லிட்கத்துக்கு அடுத்த வருடமே அவர் ஊருக்குத் திரும்பிவிட்டார். நத்தார்ப் பண்டிகைக்கு மகளுக்குப் போன் எடுப்பேன். "அப்பா உங்களைக் கேட்டவர்" என்பாள். என்ன கேட்டார் என்று நான் விசாரிப்பதில்லை. அவரிடம் ஒரு கேள்விதானே உண்டு.

லிட்கம் விஷயம் வந்தது அதற்கு முன்னால், ஒரு குளிர்காலத்தின் கடைசியில். தங்கள் சுதந்திர நாளையொட்டிச் சிட்னியில் இருக்கிற அவர்கள் நாட்டார் மண்டபம் எடுத்திருந்தார்கள். அங்கே ஒரு லொறிக்காரன் பாடுவான், கேளுங்கள் என்று மகள் தகப்பனுக்குப் போனில் ஒரு குரலைப் போட்டுக் காட்டினாள். நாற்பது வயது ஆள், மாநிலம் விட்டு மாநிலம் பெரிய லொறி ஓட்டுகிறவன். அவர் கேட்டார். திரும்பவும் போடச் சொன்னார். அன்று வேலைக்குச் சாப்பாடு கொண்டுவரவில்லை.

"அவன் இந்த நாட்டைக் குறுக்கால மறுக்கால ஓடுறான்," என்று என்னிடம் சொன்னார். "என்ர பாட்டு வெரிபீயில வந்து நிண்டுபோச்சு. மகள் வீட்டில இருந்து கிடங்குக்கு ஒரு ரவுண்டபவுட். ஒரு ரவுண்டபவுட்டைப் பற்றி நான் எத்தினை வரி பாடுறது?"

"பழையதைப் பாடுங்கோ அங்கிள். சுரங்கம், ரயில்."

"அதை என்ர வயசில எல்லாரும் பாடுவாங்கள். செஃபேலா வளரோணும். வளராட்டி அது செத்தது." அவர் லேபிள் சுருளைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார். "அவனைப் பாடி வெண்டால் நான் இன்னும் நாவலன். இல்லாட்டி நான் மகள் வீட்டில சோறு தின்னுற ஒரு கிழவன். அவ்வளவுதான்."

அதற்குப் பிறகு பின்னேரங்களில் கராஜுக்கு வரத் தொடங்கினார். மணல்திட்டைத் திரும்பத் திரும்பச் சொல்லவைத்தார். தண்ணீர் எவ்வளவு தூரம் வற்றியது, பக்கத்தில் நின்ற பெண்ணின் கையில் என்ன இருந்தது, ஒற்றைச் செருப்பு எந்தக் காலில் மிஞ்சியது, திட்டிலிருந்து எங்களை ஏற்றிப்போன மீன்காரன் முதலில் என்ன சொன்னான். அன்ரி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு நின்று கேட்பா. எனக்கு அந்தப் பின்னேரங்கள் பிடித்திருந்தன. எதற்காகக் கேட்கிறார் என்று நான் யோசிக்கவில்லை.

கிடங்கில் எனக்கு வேலை நாட்கள் குறைந்துகொண்டு வந்தன. அதனால் வேலையை விட்டுவிட்டேன். சிட்னியில் பாட்டைக் கேட்டுவிட்டு, திரும்பி வருகிற வழியில் கிரிஃபித் ஆரஞ்சுத் தோட்டமொன்றில் தோடம்பழம் ஆய்கிற வேலைக்குப் போவதாகத் திட்டம். மகள் விமானத்தில் வந்தாள். அவர் என்னோடு வண்டியில் வந்தார். ஹியூம் நெடுஞ்சாலை முழுக்கக் கண்ணை மூடி உதட்டை அசைத்துக்கொண்டே வந்தார். வெளியே ஒருதரமும் பார்க்கவில்லை.

மண்டபத்தில் முதலில் லொறிக்காரன் பாடினான். மகள் என் பக்கத்தில் இருந்து காதுக்குள் மொழிபெயர்த்தாள். நல்லார்பர் வெளியில் வண்டியின் முன்விளக்கைப் பார்த்த கங்காரு ஒன்று, நீ எந்த மலையில் உதிக்கிற சூரியன் என்று கேட்டதாம். சனம் விசிலடித்தது. அவன் கெட்டிக்காரன்தான்.

பிறகு அவர் எழுந்தார். மலையில் தொடங்கி, ஆற்றைக் கடந்து, ரயிலுக்குள் ஏறினார். அந்த ரயில் அவர் வாயில் இரும்பு மாடாக மூச்சுவிட்டுக்கொண்டு போனது. வயதானவர்கள் முன்னுக்குக் குனிந்தார்கள். மூச்சு வாங்கும் இடங்களையும் அவர் பாட்டுக்குள்ளேயே மடித்து வைத்திருந்தார். அப்போது எனக்கு விளங்காத அந்த மொழியின் நடுவில் ஒரு சொல் விளங்கியது. மன்னார். கொஞ்சத்தில் இன்னொன்று. தனுஷ்கோடி.

நான் மகளைப் பார்த்தேன். அவள் மொழிபெயர்ப்பதை நிறுத்தியிருந்தாள்.

"என்ன சொல்லுறார்?"

அவள் மெல்லச் சொன்னாள். "கடலுக்கு நடுவில மணலில நிண்டனான். நாலு பக்கமும் தண்ணி. நான் பயப்பிடேல்லை. நான் பிறந்த நாட்டையும் இன்னொரு நாடு இப்பிடித்தான் நாலு பக்கமும் சுத்தி நிக்குது."

நான் நின்ற மணல்தான் அது. மேலே சூடு, கீழே குளிர். அன்று அதில் நின்றபோது எனக்கு இருந்தது பசியும் மூத்திரமும் மட்டும்தான். அதை ஒரு நாடாகப் பார்க்க எனக்குத் தோன்றியதில்லை. ஊர்களின் பெயர்களை அவர் தலைவர்மாரின் பெயரைச் சொல்வதுபோல் நிறுத்திச் சொன்னார். அதற்கான நன்றி இன்றைக்கும் என்னிடம் கெடாமல் இருக்கிறது.

அவர் முடித்ததும் லொறிக்காரன் எழுந்து தொப்பியைக் கழற்றினான். மரியாதை தெரிந்தவன். அவன் கேட்டதை மகள் என் காதுக்குள் சொன்னாள்.

"ந்தாத்தே, உங்கட வாய்க்குத் தலை குனியிறன். ஒண்டு மட்டும் சொல்லுங்கோ. எங்கட நாட்டில கடல் இல்லை. இங்க நீங்கள் பிளேனில வந்தனீங்கள். அந்தக் கடலில நனைஞ்சது ஆரின்ர சப்பாத்து?"

பின்வரிசையில் சிரிப்புத் தொடங்கி முன்வரிசைவரை வந்தது. அவர் சிரிப்பு அடங்கும்வரை நின்றார். பிறகு தாடையால் என்னைக் காட்டினார்.

"சப்பாத்துக்காரர் அங்க இருக்கிறார்."

எல்லோரும் திரும்பிப் பார்த்ததால் நான் எழுந்து நிற்க வேண்டியதாயிற்று. "நான்தான் குடுத்தனான்," என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். "அவர் எடுக்கேல்லை. நான் குடுத்தது."

லொறிக்காரன் எனக்கும் தலை குனிந்தான். "நீங்கள் குடுக்கலாம் ஐயா. அவர் வாங்கேலாது."

நடுவர்களாக இருந்த முதியவர்களுக்கு அதற்குமேல் பேச ஒன்றுமில்லை. பரிசுப் போர்வையை லொறிக்காரனுக்குப் போர்த்தினார்கள். அவர் போய் அவன் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு வெளியே நடந்தார்.

ரயில் நிலையத்துப் படியடியில்தான் நின்றார். மூச்சு வாங்கியது.

"அந்தப் பொடியன் சொன்னது சரி," என்றார்.

"நல்லாத்தானே பாடினீங்கள் அங்கிள்."

"நல்லாப் பாடினன். அதுதான் வெக்கம்." கைப்பிடிக் கம்பியில் சாய்ந்தார். "சட்டம் தெரியாமலில்லை, ந்தாத்தே. உம்மட மணல் என்ர வாய்க்குள்ள வந்திட்டுது. துப்ப மனம் வரேல்லை."

வண்டி மற்றப் பக்கம் நிற்கிறது என்றேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"நாளைக்கு எங்க போறீர்?"

"கிரிஃபித்துக்கு. தோடம்பழம் ஆய."

"நானும் வாறன்."

பின்னால் ஓடிவந்த மகள் அதைக் கேட்டுவிட்டாள். "அப்பா, நாளைக்கு உங்களுக்கு பிளேன். டிக்கெட் எடுத்தாச்சு."

"பிளேனில வழி இல்லை."

"உங்களுக்கு முழங்கால் ஏலாது. மூச்சும் ஏலாது."

"வாய் ஏலும்."

அவள் என் பக்கம் திரும்பினாள். அவளுக்கு என்மேல் கோபம், அது நியாயமும்கூட. அவருக்கு நெஞ்சு இறுகினால் அந்தத் தோட்டத்திலிருந்து ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம் என்று கேட்டாள். நான் அதை யோசித்திருக்கவில்லை. அவர் மகளின் தலையைத் தடவினார். அவள் கைப்பையிலிருந்து இரண்டு இன்ஹேலர்களை எடுத்து என்னுடைய பாக்கெட்டில் போட்டாள்.

"அவரிட்டக் குடுக்காதேங்கோ. பாவிக்கமாட்டார். நீங்கள் வச்சிருங்கோ."

இரவை வழியில் ஒரு ஊரின் வண்டித் தரிப்பிடத்தில் கழித்தோம். விடிந்ததும் புறப்பட்டோம். மரம்பிஜி ஆற்றுப் பாலம் தெரிந்ததும் அவர் என் முழங்கையைத் தொட்டார்.

"நிப்பாட்டும். நீர் வண்டியைக் கொண்டுபோய் அந்தக் கரையில நில்லும்."

"ஏன் அங்கிள்?"

கேட்டபிறகுதான், அவரிடம் போய் ஏன் என்று கேட்டுவிட்டோமே என்று இருந்தது. அவர் இறங்கிவிட்டார்.

மறுகரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு லொறி கடந்தபோது போர்வை காற்றில் எழுந்து அவருடைய முகத்தை மூடியது. விலக்கிக்கொண்டு நடந்தார். நடுப்பாலத்தில் நின்றுவிட்டார். தடுப்புச் சுவரைப் பிடித்துக் கீழே குனிந்தார். ஓடிப்போவோமா என்று பாக்கெட்டுக்குள் கையை விட்டேன். அவர் அங்கிருந்தே ஒரு கையைத் தூக்கி வேண்டாம் என்று காட்டினார். ஆற்றை நெடுநேரம் பார்த்தார். பிறகு முழங்காலை இழுத்து இழுத்து வந்து சேர்ந்தார். வண்டியில் ஏறியதும் வாயைத் திறந்து காட்டினார். நான் இன்ஹேலரை அடித்துவிட்டேன்.

தோட்டத்துக்கு ஆள் எடுக்கிற கொந்தராத்துக்காரர் தலைப்பாகை கட்டியவர். அங்கிளை மேலும் கீழும் பார்த்தார்.

"இந்த அங்கிள் ஏணி ஏறுவாரா?"

"மேல் கிளை எனக்கு, கீழ்க் கிளை அவருக்கு," என்றேன். "ரெண்டு பேருக்கும் ஒரே பெட்டி போதும்."

கொந்தராத்துக்காரர் தோளைக் குலுக்கிவிட்டு இரண்டு பைகளைத் தந்தார். பனி காயாத இலைகள். நான் ஏணியில் நின்று ஆய்ந்தேன். எனக்குக் கீழே, கண்ணுக்குத் தெரியாமல், கிளை அசைவதும் பழம் பைக்குள் விழுவதும் கேட்டது. பிறகு அந்தக் குரல் வந்தது. மூச்சை மிச்சம்பிடிக்கிற அதே ஓட்டம். இரண்டுமூன்று தரம் தடக்கி, திரும்பப் போய், ஒரு வரியைப் பிடித்துக்கொண்டது.

"என்ன சொல்லுறீங்கள் அங்கிள்?"

இலைகளுக்குள்ளிருந்து பதில் வந்தது.

"இந்த ஆத்துக்கு என்னைத் தெரியாது. பாலத்தில வச்சு என்ர முழங்கால்தான் என்னை ஆரெண்டு சொன்னது."

அந்த வரியில் என்னுடையது ஒன்றும் இல்லை. நான் கீழே இறங்கி, ஏணியை அடுத்த மரத்துக்குத் தூக்கிப் போனேன்.